புசியாத்தேக்கு எந்தச் சோஸ்? ஒரு சமையலறைப் பதிவு

சிசிலித் தீவின் மேற்கு முனையிலுள்ள திராப்பானி மாகாணத்துக்கு உரிய பாஸ்தா வடிவம் புசியாத்தே. பலேர்மோவில் வாழும் எங்களுக்கு அந்த ஊர் அவ்வளவு தூரமில்லை. ஆனாலும் ஸ்பகெத்தி, பென்னே, ரிகத்தோனி ஆகியவற்றுக்கு அப்பால் அதிகம் போகாத என் அடுப்படிக்கு அது புதியதாகவே இருந்தது. பல்லரோச் சந்தைக்கு அருகிலுள்ள கடையொன்றில் வாங்கிய அரைக்கிலோப் பைக்கற்றின் பின்புறத்தில், சமைக்காமல் இடித்துச் செய்யும் சோஸான திராப்பானிப் பெஸ்தோவுக்கான செய்முறை அச்சிடப்பட்டிருந்தது. அதை அப்படியே செய்து சாப்பிட்டு முடித்திருக்கலாம்தான். ஆயினும் ஒரு வடிவத்துக்கு ஒரு சோஸ் ஏன் பொருந்துகிறது என்பதைக் கையால் செய்து பார்த்தால், நாளைக்குப் பெயரே தெரியாத இன்னொரு வடிவம் கிடைக்கும்போது அதற்கு எதைச் சமைப்பது என்று பைக்கற்றைப் பார்க்காமலே தீர்மானிக்கலாம் என்று தோன்றியதால், மாற்றி மாற்றிச் சமைத்துக் குறித்துவைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வடிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய தொலைபேசிகளில் கைபிடியைப் பெட்டியோடு இணைத்திருந்த சுருள் வடத்தை நினைத்துக்கொண்டால், புசியாத்தே எப்படியிருக்கும் என்பது பிடிபட்டுவிடும். என்னிடம் இருந்தவை நடுவிரல் நீளமானவை. குறுக்களவு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். மாவிழை ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஓடுவதால், வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் முனையிலிருந்து முனைவரை அறாமல் செல்கிறது. நடுவிலே தையல் ஊசி நுழையக்கூடிய சிறு துவாரமும் உண்டு. அந்தப் பள்ளத்தைத்தான் கீழே புரி என்று குறிப்பிடுகிறேன்.

மேற்பரப்பையும் கவனித்தேன். வெண்கல அச்சின் ஊடாகத் தள்ளப்பட்ட பாஸ்தா மாப் படிந்ததுபோல வெளிறி, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். தெப்லோன் பூசிய அச்சின் ஊடாக வந்தது மஞ்சளாகவும் வழவழப்பாகவும் மின்னும். உலர் பாஸ்தா கடினக் கோதுமை மாவினாலும் தண்ணீரினாலும் செய்யப்பட வேண்டும் என்று இத்தாலியின் 1967ஆம் ஆண்டின் 580ஆம் இலக்கச் சட்டம் வகுத்துவிட்டதால், ஒரே அலமாரியில் உள்ள இரண்டு பைக்கற்றுகளுக்கு இடையிலான வேறுபாடு பெரும்பாலும் கோதுமையின் தரத்திலும், அச்சிலும், உலர்த்திய வெப்பநிலையிலும், வடிவத்திலுந்தான் இருக்கிறது. சோஸை ஏற்கும் திறனைப் பொறுத்தவரை அச்சும் வடிவமும் முன்னுக்கு வருகின்றன. நான் வாங்கியது வெண்கல அச்சில் வந்தது. இது பின்னர் கிடைத்த முடிவுகள் எல்லாவற்றையும் பாதித்தது என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

புதிய வடிவம் ஒன்றை முதன்முதலில் சமைக்கும்போது சோஸ் எதுவும் சேர்க்காமல், சிறிது ஒலிவ் எண்ணெய் மட்டும் விட்டுத் தின்று பார்ப்பது நல்லது. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளில் வழங்கும் கணக்கு. ஆட்டுப்பாற் சீஸோ உப்பிட்ட நெத்தலியோ சேரும் சோஸாக இருந்தால் 7 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். பைக்கற் 12 நிமிடம் என்றது. ஒன்பதாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ஸ்பகெத்தியில் வேகாத மா நடுவிலே ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புசியாத்தேயிலோ ஒரு சுற்று அடுத்த சுற்றை முட்டும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிகிறது, ஏனெனில் அங்கேதான் கொதிநீர் கடைசியாகப் போய்ச் சேர்கிறது. அந்தக் கோடு மயிரிழையாகக் குறுகும் நேரம் 11 நிமிடத்துக்குச் சற்று முன்பாக வந்தது. அப்போது இறக்கிச் சோஸோடு ஒரு நிமிடம் பிரட்டினால் கோடு மறைந்து, கடிக்கும் பதம் மட்டும் எஞ்சுகிறது.

வெறும் எண்ணெயோடு தின்றபோது விளங்கியவை சில. இது கனமான பாஸ்தா. மெல்லுவதற்கு நேரம் எடுக்கிறது. ஸ்பகெத்தியைப் போல முள்ளுக்கரண்டியில் சுற்றி எடுக்க முடியாது. குத்தியோ அள்ளியோ எடுக்கும்போது ஒரு வாய்க்கு மூன்று நான்கு சுருள்கள் வருகின்றன. தட்டில் போட்டு வைத்தால் ஸ்பகெத்தி ஆறிய பின்னும் இது நெடுநேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. இந்தக் கடைசிக் குணத்தை நான் அவ்வேளையில் பொருட்படுத்தவில்லை. பெஸ்தோவுக்கு வந்தபோதுதான் அதன் பெறுமதி தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது, என் கணிப்பில், புசியாத்தேயோடு சமைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுவே. வடித்த பாஸ்தாவை வெள்ளைத் தட்டில் கொட்டிச் சிறிது நேரம் விட்டுவிட்டுப் பார்த்தபோது, தட்டின் அடியில் கலங்கிய நீர் தேங்கியிருந்தது. வடிகட்டியை நன்றாகக் குலுக்கியிருந்தும், புரிகள் கொதிநீரைத் தம்மோடு கொண்டுவந்துவிட்டன. சோஸைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது என்று எல்லோரும் புகழும் அந்தப் பள்ளம், சோஸ் வருமுன்னரே தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஸ்பகெத்திக்கு அளவான தடிப்பில் செய்த சோஸ் இதில் நீர்த்துப்போகும். பாஸ்தா அவித்த நீரை ஒரு கரண்டி சேர்க்கவும் என்று எல்லாச் செய்முறைகளும் சொல்வதைப் புசியாத்தேக்கு அப்படியே பின்பற்றத் தேவையில்லை, அந்தக் கரண்டி நீர் பாஸ்தாவோடு தானாகவே வந்துவிடுகிறது.

சோஸுக்குப் போகுமுன் கையால் சிலவற்றைச் செய்தும் பார்த்தேன். இருமுறை அரைத்த கடினக் கோதுமை மா 400 கிராமுக்கு இளஞ்சூட்டு நீர் 200 மில்லிலீற்றர் விட்டுப் பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்தபின், சிறு சிறு துண்டுகளாக எடுத்துப் பலகையில் பென்சிலை விடச் சற்று மெல்லிய கயிறுகளாக உருட்டவேண்டும். திராப்பானிப் பக்கத்தில் இதற்கு ஒருவகைப் புல்லின் உலர்ந்த தண்டைப் பயன்படுத்தி வந்தார்கள். இப்போது பின்னல் ஊசியே போதும் என்கிறார்கள். நான் மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டேன். மாக்கயிற்றின் ஒரு முனையில் குச்சியைச் சாய்வாக வைத்து அழுத்தி, உள்ளங்கையால் முன்னே உருட்டும்போது கயிறு குச்சியின்மேல் தானாகச் சுற்றிக்கொண்டு போகிறது. பின் குச்சியை மெதுவாகத் திருகி உருவினால் சுருள் தனியே நிற்கிறது. குச்சியின்மேல் சிறிது மாத் தூவாவிட்டால் உருவும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

செய்து முடித்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பலகையில் உருண்ட வெளிப்புறம் மரத்தின் தடம் பதிந்து சொரசொரப்பாகவும், குச்சியில் ஒட்டியிருந்த உட்புறம் வழவழப்பாகவும் இருப்பது தெரியும். குச்சியைச் சாய்க்கும் கோணம் கூடினால் புரி அகலமாகும், குறைந்தால் நெருங்கும். அகலமான புரியில் பருக்கையான சோஸும், நெருக்கமான புரியில் குழைவான சோஸும் தங்குகின்றன. கையால் செய்தவை நான்கைந்து நிமிடத்தில் வெந்துவிடுவதோடு, மாவை நீரில் அதிகம் விடுவதால் சோஸை விரைவாகத் தடிப்பாக்குகின்றன. நாள்தோறும் செய்யக்கூடிய வேலையில்லை இது. ஆயினும் ஒரு தடவை செய்தால் வடிவத்தின் உள்ளும் புறமும் கைக்குத் தெரிந்துவிடும்.

இனிச் சோஸ்கள். வீட்டில் எப்போதும் இருக்கும் தக்காளி சோஸோடு தொடங்கினேன். தக்காளியைக் கால்மணி நேரம் மட்டும் காய்ச்சிய நீர்ப்பதமான சோஸ், சுருள்களின் மேல் சிவப்பு நிறத்தைப் பூசிவிட்டுத் தட்டின் அடிக்கு வழிந்தது; புரிக்குள் ஏற்கெனவே நீர் இருந்ததால் அங்கே நுழையவில்லை. அதே சோஸை அகப்பையால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் கோடு சிறிதுநேரம் மூடாமல் நிற்கும் பதம்வரை வற்றவைத்துச் சேர்த்தபோது, பாஸ்தாவோடு வந்த நீரே அதைத் தேவையான அளவுக்கு இளக்கிப் புரிகளை நிரப்பியது. வேறுபாடு முழுவதும் அந்த வற்றலில்தான். எங்கள் சமையலுக்கும் இது பொருந்துகிறது: மீன் குழம்பை இதன்மேல் ஊற்றினால் குழம்பு ஒருபக்கமும் பாஸ்தா ஒருபக்கமுமாகக் கிடக்கும், ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு கலந்தால் அதன் மசாலா புரிகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

உள்ளியும் மிளகாயும் எண்ணெயில் வதக்கிச் செய்யும் எளிய சோஸ், ஸ்பகெத்தியில் எவ்வளவு நன்றாக இருக்குமோ அவ்வளவுக்குப் புசியாத்தேயில் மந்தமாக இருந்தது. எண்ணெய் புரியில் தங்காமல் சறுக்கி இறங்குகிறது. அவித்த நீரைச் சேர்த்து வேகமாகக் கிளறிப் பால்போலக் கலக்கினால் ஓரளவு ஒட்டும் என்றாலும், சோஸ் மெல்லிய படலமாகவே இருக்கிறது, உள்ளே இருப்பதோ தடித்த மா. இவ்வளவு மாவை ஈடுசெய்ய அவ்வளவு எண்ணெய் போதாது. உப்பிட்ட நெத்தலியைக் கரைத்துச் சேர்த்து, மேலே வறுத்த பாண்தூள் தூவியபோதுதான் சாப்பிடும்படியாக இருந்தது.

பெக்கோரினோ என்னும் செம்மறியாட்டுப்பாற் சீஸும் மிளகும் மட்டுமே சேரும் உரோம் நகரத்துச் சோஸ் நேர்மாறான சிக்கலைத் தந்தது. சீஸ் திரளாமல் குழைவாக வருவதற்கு மாப்பொருள் எவ்வளவு வேண்டும் என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் ஆராய்ந்து, சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாப்பொருள் இருந்தால் அது நிலைத்து நிற்கும் என்று 2025இல் பிசிக்ஸ் ஒஃப் ஃபுளுயிட்ஸ் என்ற ஆய்விதழில் எழுதினார்கள். அந்தக் கணக்கின்படி 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் சோளமாவைச் சிறிது நீரில் காய்ச்சிக் கூழாக்கிக் கலந்ததில், சோஸ் திரளவேயில்லை. ஆனால் புசியாத்தே அதைப் பிடித்துக்கொண்ட விதம் அளவுக்கு மிஞ்சியது: ஒவ்வொரு புரியிலும் உப்புச் சீஸ் நிறைந்து, நாலாவது வாயிலேயே திகட்டிவிட்டது. சீஸை மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோது சரியாக வந்தது. அதிகம் பிடிக்கும் வடிவத்துக்குச் செறிவான சோஸை அதிகம் கொடுக்கக்கூடாது என்பது செய்முறைப் புத்தகங்களில் அவ்வளவாகக் காணப்படாத ஒரு கணக்கு. முட்டையும் பன்றிக் கன்னக் கொழுப்பும் சேரும் கர்போனாராவும் இதே வகைதான் என்பதால் அதைப்பற்றித் தனியே எழுதவில்லை.

இப்போது பைக்கற்றில் சொல்லியிருந்த திராப்பானிப் பெஸ்தோவுக்கு வருகிறேன். ஜெனோவாக் கப்பல்கள் திராப்பானித் துறைமுகத்தில் தங்கிச் சென்ற காலத்தில், அந்த மாலுமிகளின் உள்ளிச் சோஸைப் பார்த்து உள்ளூரார் தம்மிடமிருந்த பாதாமையும் தக்காளியையும் சேர்த்து இதை உருவாக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஜெனோவாவின் பச்சைப் பெஸ்தோவில் பைன் விதையும், துளசி இனத்தைச் சேர்ந்த பசிலிக்கோ இலையும் முதன்மை. இதில் பாதாம், தக்காளி, உள்ளி மூன்றும் முதன்மை. உள்ளி என்றால் திராப்பானிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு அருகிலுள்ள நூபியாவில் விளையும் ஊதாச் சிவப்புத் தோலுடைய உள்ளியே. அதன் காரம் சாதாரண உள்ளியைவிடக் கூடியது. வெள்ளை உள்ளியில் நாலு பல் என்றால் இதில் மூன்று போதும்.

நாலு பேருக்கு 400 கிராம் புசியாத்தே என்று வைத்துக்கொண்டால், நன்கு பழுத்த தக்காளி 350 கிராம், தோல் நீக்கிய பாதாம் 60 கிராம், பசிலிக்கோ இலை 40 கிராம், துருவிய பெக்கோரினோ 60 கிராம், ஒலிவ் எண்ணெய் 80 மில்லிலீற்றர், மேற்சொன்ன உள்ளி மூன்று பல் ஆகியவை வேண்டும். தக்காளியின் அடியில் சிலுவையாகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரித்து, விதையையும் சாற்றையும் பிழிந்துவிட்டுச் சதையை மட்டும் பொடியாக நறுக்கி, வடிகட்டியில் உப்புத்தூவிக் கால்மணி நேரம் வைக்கவேண்டும். புரி தன் பங்கு நீரைக் கொண்டுவரும் என்பதால் இங்கே தக்காளி நீரை இழப்பது கட்டாயம். பாதாமை இலேசாக மணம் வரும்வரை மட்டும் வறுக்கலாம். சிவக்க வறுத்தால் தக்காளியின் புளிப்பை அது மூடிவிடுகிறது.

உரலில் முதலில் உள்ளியையும் கல்லுப்பையும் இட்டுக் கூழாகும்வரை இடித்தேன். உப்பின் கூர்முனைகளே உள்ளியை அரைத்துவிடுவதால் உலக்கையை அழுத்தத் தேவையில்லை, சுழற்றினால் போதும். அதன்மேல் பசிலிக்கோ இலைகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கசக்கியபின் பாதாமைப் போட்டேன். பாதாமை எவ்வளவு இடிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முழுவதும் மாவாகிவிடாமல், பாதி பசையாகவும் மீதி அரிசிக் குறுணை அளவிலும் நிற்கும்போது நிறுத்திவிட்டுத் தக்காளியைச் சேர்த்து நசுக்கி, எண்ணெயை நூலாக விட்டுக் கிளறி, சீஸைக் கடைசியாகக் கலக்கவேண்டும். இதையே மின்னரைப்பானில் போட்டால் ஒரே நிமிடத்தில் ஆகிவிடும். ஆனால் எல்லாம் ஒரே பதத்தில் இளஞ்செம்மஞ்சள் நிறப் பசையாகிவிடுகிறது. இரண்டையும் பக்கம் பக்கமாகப் பரிமாறிப் பார்த்தேன். அரைப்பானில் வந்த பசை புரிகளைச் சீராக மூடி மட்டமாக்கிவிட்டது. உரலில் இடித்ததில் பசை புரியின் அடிக்குப் போக, பாதாம் குறுணைகள் புரியின் வாயில் சிக்கி நின்றன. ஒரு சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சிவப்புப் படிவின் நடுவே வெள்ளைத் துணுக்குகள் வரிசையாக நிற்பது தெரியும். ஒரே வாயில் மென்மையும் நறுக்கென்ற கடியும் கிடைப்பது அதனால்தான்.

சூட்டைப் பிடித்துவைக்கும் குணத்தின் பெறுமதி இங்கேதான் தெரிந்தது. திராப்பானிப் பெஸ்தோ அடுப்பில் ஏறாத பச்சைச் சோஸ். பெரிய கிண்ணத்தில் பெஸ்தோவை வைத்து வடித்த பாஸ்தாவை அதன்மேல் கொட்டிப் பிரட்டும்போது, சோஸைச் சூடாக்கும் வேலையைப் பாஸ்தாவே செய்யவேண்டும். மெல்லிய ஸ்பகெத்தியோடு கலந்தபோது இரண்டும் வெதுவெதுப்பாகி, உள்ளியின் பச்சைக் காரம் நாக்கில் துருத்திக்கொண்டிருந்தது. தடித்த புசியாத்தேயோடு கலந்தபோது சீஸ் இளகி, எண்ணெயும் தக்காளியும் ஒன்றாகி, உள்ளியின் முனை சற்று மழுங்கியது. சோஸைப் பிடிக்கும் பள்ளம் என்ற ஒரே காரணத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் எண்ணத்தில் பள்ளம் பாதிக் காரணந்தான். மற்றப் பாதி தடிப்பு. பச்சையாகச் சேர்க்கும் சோஸுக்குக் கனமான பாஸ்தாவைத் தேடவேண்டும் என்பது இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்பு.

மேலே எதைத் தூவுவது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கடைக்காரப் பெண்மணி திராப்பானிப் பக்கத்தவர் என்பதால் அவரிடமே கேட்டேன். "சினோரா, நீங்கள் சீஸ் போடுவீர்களா, பாண்தூள் போடுவீர்களா?" என்றதற்கு, வீட்டில் பாண்தூள், விருந்தாளி வந்தால் பொரித்த கத்தரிக்காய், மீன் கிடைத்த நாளில் சின்ன மீன் பொரியல் என்று அவர் விரல்விட்டுச் சொன்னார். பழைய பாணை உதிர்த்துச் சட்டியில் எண்ணெயோடு பொன்னிறமாக வறுத்துக்கொள்ளும் இந்தத் தூள், சிசிலியில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் அதற்குப் பதிலாகப் பயன்படுத்தியது என்பார்கள். பரிமாறும் நேரத்தில் மட்டுமே தூவவேண்டும். கலந்து வைத்தால் புரியிலுள்ள நீரை உறிஞ்சிக் களியாகிவிடும்.

ராகு என்னும், நெடுநேரம் காய்ச்சும் இறைச்சிச் சோஸில் கைமாவின் பருமன்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பெருஞ்சீரகம் போட்ட பன்றி இறைச்சிச் சொசேஜைத் தோலுரித்து உதிர்த்து, வெங்காயமும் தக்காளிக் கூழும் சேர்த்து இரண்டு மணி நேரம் மெல்லிய தீயில் வைத்தேன். புரியின் அகலத்தைவிடப் பெரிய துண்டுகள் தட்டில் தங்கிவிட்டன. அகப்பையின் பின்புறத்தால் நசுக்கிப் பொடியாக்கிய பகுதி மட்டும் சுருள்களோடு வந்தது. பொலோஞ்ஞாவில் ராகுவைத் தட்டையான தல்யத்தெல்லேயோடு உண்பார்கள். வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீற்றராக இருக்கவேண்டும் என்று அந்நகரத்தின் வர்த்தகச் சபையில் 1972இல் பதிவுசெய்தே வைத்திருக்கிறார்கள். பட்டையான பரப்பில் இறைச்சித் துணுக்குகள் படுத்துக்கொள்ளும், சுருளில் அவை நுழைந்தாக வேண்டும். அதனால் தல்யத்தெல்லேக்குச் செய்த ராகுவைப் புசியாத்தேக்கு அப்படியே மாற்ற நினைப்பவர் இன்னும் ஒருதடவை நசுக்கிக்கொள்வது நல்லது.

வாள் மீனும் கத்தரிக்காயும் புதினாவும் சேர்ந்த சோஸ் மேற்சொன்ன விதியை மீறியும் நன்றாக வந்தது. மீனையும் கத்தரிக்காயையும் ஒரு சென்ரிமீற்றர்க் கட்டிகளாக வெட்டியதால் எதுவும் புரிக்குள் போக வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் கட்டிகளும் சுருள்களும் முள்ளுக்கரண்டியில் ஒன்றாகக் குத்துப்படும் அளவில் இருந்ததால், ஒவ்வொரு வாயிலும் மீனும் பாஸ்தாவும் சேர்ந்தே வந்தன. பொரித்த கத்தரிக்காயில் கால்வாசியை நசுக்கித் தக்காளியோடு கலந்துவிட்டது பெரிதும் உதவியது: நசுங்கிய பகுதி புரிகளை நிரப்ப, முழுக் கட்டிகள் வெளியே துணை நின்றன. அதாவது சோஸ் ஒட்டவும் வேண்டும், ஒட்டாத துண்டுகள் பாஸ்தாவின் அளவுக்கு இணையாகவும் இருக்கவேண்டும். வாள் மீன் விரைவில் வரண்டுவிடும் என்பதால் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் சட்டியில் சேர்த்தேன்.

பலேர்மோவுக்கே உரிய சாளை மீன் பாஸ்தாவை இதனோடு செய்து பார்த்தது ஆசைக்காக. காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, சாளை, உலர்திராட்சை, பைன் விதை, குங்குமப்பூ என்று போகும் அந்தச் சோஸை இங்குள்ளவர்கள் நடுவிலே துளையுள்ள புக்கத்தீனியோடுதான் உண்பார்கள். கீரையை அவித்த நீரிலேயே பாஸ்தாவையும் அவிப்பது வழக்கம். சாளை கரைந்து கூழாகிப் புரிகளில் அழகாக ஏறியது. பைன் விதைகள் மட்டும் வழுகிக் கீழே போய்விட்டன. பாதாமைப் போல அவற்றையும் ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்திருந்தால் தங்கியிருக்கும். ஆயினும் இந்தச் சோஸுக்கு நான் புக்கத்தீனியையே விரும்புகிறேன். நீண்ட இழைகளில் சிக்கிய கீரையும் மீனும் சேர்ந்து சுற்றி வரும் சுகம் சுருளில் இல்லை. பலேர்மோவுக்குக் கிழக்கே உள்ள திராபியாவில் இழைவடிவ உலர் மாப்பண்டம் பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டது என்று அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி 1154இலேயே எழுதியிருக்கும் நிலையில், இந்த ஊரார் நீள இழையை விடாமல் பிடித்திருப்பதில் வியப்பொன்றுமில்லை.

இதே பார்வையோடு பிற வடிவங்களை அணுகினால் பலவும் தெளிவாகின்றன. பூலியாவின் ஒரெக்கியெத்தே சிறு கிண்ணங்களாக இருப்பதால், அவித்துக் குழைந்த சீமே தி ராப்பா கீரையை அள்ளிக்கொள்கிறது. கீரையைப் பெரிய துண்டுகளாக விட்டால் அது பயனற்றுப்போகும். நாப்போலியின் பாக்கெரி அகன்ற குழாய் என்பதால் கணவாய் வளையமும் இறாலும் உள்ளேயே புகுந்துவிடும். அங்கே நசுக்க வேண்டிய தேவை இல்லை. லிகூரியாவின் துரோஃபியே புசியாத்தேயைப் போலவே முறுக்கப்பட்டது என்றாலும், மெல்லியது, புரி ஆழமற்றது. அதனால்தான் ஜெனோவாவின் குழைவான பெஸ்தோ அதற்குப் போதுமானதாக இருக்கிறது. அதே லிகூரியாவின் கொர்செத்தி மர முத்திரையால் அச்சுக்குத்திய தட்டையான வட்டம். அதன் கோடுகளின் ஆழம் மிகக் குறைவு என்பதால் வால்நட் சோஸையோ உருக்கிய வெண்ணெயையோ தவிர வேறெதுவும் அதற்குப் பாரந்தான்.

மிஞ்சிய புசியாத்தேயைப் பற்றியும் சொல்லவேண்டும். பெஸ்தோவோடு கலந்ததை மீண்டும் சூடாக்கினால் சீஸ் திரண்டு எண்ணெய் பிரிந்துவிடும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மதியம் சூடாக்காமலே உண்பது மேல். தக்காளியிலோ ராகுவிலோ கலந்தது மிஞ்சினால், பொரித்த கத்தரிக்காயும் சீஸும் அடுக்கி, மேலே பாண்தூள் தூவி, 200 பாகையில் இருபது நிமிடம் போறணையில் வைக்கலாம். அப்போது புரிக்குள் இருந்த சோஸ் வரண்டுவிடாமல் நிற்க, வெளியே நிற்கும் சுருள் முனைகள் மட்டும் மொறுமொறுக்கும். பெஸ்தோவையே தனியாக வைத்திருக்க நினைப்பவர்கள் சீஸைச் சேர்க்காமல், போத்தலில் இட்டு மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பச்சை உள்ளி எண்ணெயில் கிடப்பதால் அதற்குமேல் வைத்திருப்பது பாதுகாப்பானதல்ல.